மறு: 'சாங்ஷன்': தடையா, முடக்கமா, வேறு சொல்லா?

அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு ஆள்மீதோ நிறுவனத்தின்மீதோ அரசு போடுகிற 'சாங்ஷன்' (sanction) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று தேடுகிற இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று தம்பி, லண்டன் கால்பந்துக் கிளப் செல்சீயைப் பற்றிய தன் கட்டுரைக்கு 'செல்சீ அணிக்குத் தடை' என்று தலைப்புப் போட்டு அனுப்பியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் அக்கா பேரன் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அலைகிற பயல். அவனிடம் அந்தத் தலைப்பை வாசித்துக் காட்டினேன். "எத்தனை மேட்ச் தாத்தா?" என்று கேட்டான்.

இதுதான் சிக்கல். கால்பந்தில் 'தடை' என்ற சொல் சிவப்பு அட்டை வாங்கியவனுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. 2022 மார்ச் 10 அன்று பிரிட்டிஷ் அரசு, உக்ரைன் போரை ஒட்டி, செல்சீயின் உரிமையாளரான ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச்மீது சாங்ஷன் போட்டது, அன்று ராத்திரியே செல்சீ நாரிச்சுக்குப் போய் ஆடி 3-1 என்று ஜெயித்துவிட்டு வந்தது. தடை வாங்கிய அணி எப்படி ஆடும்?

சரி, அப்புறம் என்னதான் நடந்தது? சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள் வரலாம், புது டிக்கெட் விற்கக் கூடாது. கிளப்பின் கடை பூட்டு. வெளியூர் ஆட்டத்துக்குப் போய்வர ஒரு ஆட்டத்துக்கு 20,000 பவுண்டுக்கு மேல் செலவு செய்யக் கூடாது. புது ஆட்டக்காரரை வாங்கக் கூடாது, இருக்கிறவருக்கு ஒப்பந்தத்தை நீட்டவும் கூடாது. ரூடிகரும் கிறிஸ்டென்சனும் அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிந்து ஒருவர் மாட்ரிட்டுக்கும் ஒருவர் பார்சிலோனாவுக்கும் போனார்கள், செல்சீக்குப் பத்துப் பைசா வரவில்லை. சட்டையில் பெயர் போட்டிருந்த தொலைபேசிக் கம்பெனி எங்கள் பெயரை எடுங்கள் என்று கேட்டது. ஆனால் கிளப்பை அரசு பிடுங்கிக்கொள்ளவில்லை. ஜப்தியும் கிடையாது, பறிமுதலும் கிடையாது. கட்டளை முழுக்க அப்ரமோவிச்சைச் சுற்றி இருந்தவர்களுக்கு: இந்த ஆளிடம் வாங்காதே, கொடுக்காதே, அவர் காசு எங்கே கிடக்கிறதோ அங்கேயே கிடக்கட்டும். நாம் தேடுகிற சொல்லில் இந்தக் குணம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

'சாங்ஷன்' என்றே வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, நான் முப்பது வருஷம் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன். எங்கள் கவுண்டரில் "சார், சாங்ஷன் ஆயிட்டா?" என்று ஒரு நாளைக்கு இருபது பேர் கேட்பார்கள், ஆயிட்டு என்றால் முகம் மலரும். இங்கே சாங்ஷன் என்றால் அல்வாக் கடைக்குப் போகிற சேதி. அப்ரமோவிச்சுக்கு சாங்ஷன் என்று எழுதினால் அவருக்கு லோன் கிடைத்துவிட்டது என்றுதான் எங்கள் ஊரில் நினைப்பான்.

அண்ணாச்சி சொன்ன 'ஒறுப்பு' நல்ல பழைய சொல், குறளிலேயே ஒறுத்தல் உண்டு. ஆனால் உவரி, இடிந்தகரை மாதிரி கிறிஸ்தவக் கடற்கரை ஊர்ப் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அங்கே தவக்காலத்தில் கறியை விட்டு, வாய்க்கு ருசியானதை விட்டு, மிச்சம் பிடித்த காசைக் கோயிலில் கொடுப்பதுதான் ஒறுத்தல். தானாக ஒருவர் தன்னை ஒறுப்பது. லண்டனில் மாளிகை வைத்திருந்தவர் அப்படி எதையும் தானாக விட்டதாகத் தெரியவில்லை.

'ஊர்விலக்கு' என்று கேட்டதும் எனக்கும் பொறி தட்டியது, மறைக்கவில்லை. கடையில் உப்புக் கொடுக்கமாட்டான், கூலிக்கு ஆள் வராது, விசேஷத்துக்குச் சொல்லமாட்டார்கள். வேலை செய்கிற விதம் அச்சு அசல் இதேதான். ஆனால் எங்கள் சீமையில் அந்தச் சொல் யார் வீட்டு வாசலில் போய் விழுந்தது, எந்தச் சாதிக்காரன் எந்தச் சாதிக்காரனை அழ வைத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். சட்டவிரோதமான ஒரு கொடுமையின் பெயரைத் துடைத்துக் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. வெறும் 'விலக்கு' என்று சுருக்கினாலோ வரிவிலக்கு குறுக்கே வரும், அதைவிட, நாலுவழிச் சாலையில் ஊருக்குப் பிரிகிற இடமெல்லாம் எங்களுக்கு விலக்குதான், கண்டக்டர் விசில் அடித்து இறக்கிவிடுவார்.

'சொத்து முடக்கம்' சரியான சொல், தினசரிகளும் எழுதுகின்றன. ஆனால் அது பாதிதான். கடை பூட்டியதும் டிக்கெட் விற்காததும் முடக்கத்தின் விளைவு என்று இழுத்துப் பொருத்தலாம், நாட்டுக்குள் வராதே என்று அப்ரமோவிச்மீது போட்ட பயணத் தடையை எங்கே வைப்பது?

என் யோசனை: புழக்கத்தடை.

திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். "அந்த வீட்டோட எங்களுக்குப் புழக்கம் கிடையாது" என்றால் பேச்சு, போக்குவரத்து, கொடுக்கல் வாங்கல், கல்யாணம் கருமாதி எல்லாம் அதில் அடக்கம். பணப்புழக்கம் என்று காசுக்கும் அதே சொல். ஒருவரோடு புழங்குவதை அரசு மற்றவர்களுக்குத் தடுத்தால் அது புழக்கத்தடை. நாட்டின்மீது போடுவதற்குப் 'பொருளாதாரத் தடை' இருந்துவிட்டுப் போகட்டும், இது ஆள்மீதும் நிறுவனத்தின்மீதும் போடுவதற்கு.

'தடை அச்சுறுத்தல்' என்று தம்பி எழுதிய இடமும் இதில் தெளியும். மார்ச் 10-க்கு எட்டு நாள் முன்பே, 2-ஆம் தேதியே, கிளப்பை விற்கப்போகிறேன் என்று அப்ரமோவிச் அறிவித்துவிட்டார். அதே 2-ஆம் தேதி எவர்ட்டன் கிளப், இன்னொரு ரஷ்யக் கோடீஸ்வரர் அலிஷேர் உஸ்மானோவின் கம்பெனியோடு இருந்த விளம்பர ஒப்பந்தங்களை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் உஸ்மானோவ்மீது பிப்ரவரி 28-லேயே சாங்ஷன் போட்டுவிட்டது, பிரிட்டன் போட்டது மார்ச் 3-ல். தங்கள் நாட்டுச் சட்டம் வருமுன்னே அக்கம்பக்கத்தார் புழக்கத்தை அறுத்துக்கொள்கிறார்கள். பயம் என்றால் அதுதான்.

அடுத்து, ஆட்சியில் இருப்பவர்களோடு நெருக்கமான உரிமையாளருக்கு என்ன சொல்வது. 'அரசியல் தொடர்புடைய கழக உரிமையாளர்' என்ற வாசகத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், தமிழ்நாட்டில் கழகம் என்றாலே அரசியல்தான், வாசகர் வேறு எங்கோ போய்விடுவார். கிளப் என்றே இருக்கட்டும். 'அரசியல் பினாமி'யும் வேண்டாம். பினாமி என்றால் பெயர் ஒருவருடையது, காசு வேறொருவருடையது என்ற குற்றச்சாட்டு; 2003-ல் செல்சீயை அப்ரமோவிச் வெளிப்படையாகவே வாங்கினார். அவர் 2000 முதல் 2008 வரை ரஷ்யாவின் சுகோட்கா வட்டாரத்து ஆளுநர், பிரிட்டன் சொன்ன காரணம் புட்டினோடு உள்ள நெருக்கம், அவர் அதை மறுக்கிறார். நெருக்கம் என்பதற்கு நம்மிடம் 'அணுக்கர்' இருக்கிறது, தஞ்சைப் பெரிய கோயிலில் அணுக்கன் திருவாயில் என்று ஒரு வாசலே உண்டு. ஆகவே 'ஆட்சியணுக்கர்'. குற்றமும் சொல்லாது, நற்சான்றும் தராது.

ஆனால் எல்லாரையும் இந்தக் கூடையில் போடாதீர்கள். 2008-ல் மான்செஸ்டர் சிட்டியை வாங்கிய ஷேக் மன்சூர் ஆட்சிக்கு அணுக்கமானவர் அல்லர், ஆட்சிக் குடும்பத்தவரே. 2021-ல் நியூகாசிலில் 80 சதவீதம் வாங்கியது சவூதி அரசின் நிதியம், அது அரசுடைமை; கிளப்பைச் சவூதி அரசு கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி உறுதி வாங்கிக்கொண்டுதான் பிரீமியர் லீக் கையெழுத்துப் போட்டது, இளவரசர் தலைமையில் இருக்கிற நிதியத்துக்கு இப்படி ஒரு உறுதிமொழி என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது. வெளிநாட்டு முதலாளி என்பதாலேயே அணுக்கர் ஆகிவிடவும் மாட்டார். பிளாக்பர்ன் ரோவர்ஸை 2010-ல் வாங்கியது நம் புனேயின் வெங்கீஸ் கோழிக்காரர்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைக்காரன்

-----

[அண்ணாச்சி எழுதியது]

பாளையங்கோட்டைத் தம்பி, ஒறுப்பை இப்படி ஒரேயடியாக ஒறுத்துவிட்டீர். போகட்டும். புழக்கத்தடை என்றால் 500 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து எடுத்தார்களே, அந்த நினைப்பு வராதா? அப்புறம், சாங்ஷனுக்கு ஆளானவரிடம் கிளப்பை வாங்க அரசு தனியாக லைசென்ஸ் கொடுத்ததே, அதற்கு என்ன வைத்திருக்கிறீர்?

-----

[பாளையங்கோட்டைக்காரன் எழுதியது]

அண்ணாச்சி, அந்த நோட்டை ஊரில் செல்லாத நோட்டு என்றோம், புழக்கத்தடை என்று ஒருவரும் சொல்லவில்லை.

லைசென்ஸ் பற்றி நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. ஆடுவதற்கே அரசு ஒன்று கொடுத்தது, மே மாதக் கடைசியில் 250 கோடி பவுண்டுக்கு அமெரிக்க முதலீட்டாளர் டாட் போயலி (Todd Boehly) கூட்டத்தார் வாங்கியபோது விற்பனைக்கென்று இன்னொன்று கொடுத்தது, அந்தக் காசும் அப்ரமோவிச் கைக்குப் போகாமல் முடக்கிய கணக்கில்தான் விழுந்தது. 'விதிவிலக்கு' என்று எழுதப் போனேன், மறுபடி விலக்கில் வந்து பஸ் நின்றது. தடை போட்டதே புழக்கத்துக்கு என்றால் திறந்துவிடுவது 'புழக்க அனுமதி'. ஆளானவர் 'புழக்கத்தடைப்பட்டவர்', கொஞ்சம் நீளம்தான், யாராவது சுருக்கித் தாருங்கள்.

தம்பி, தலைப்பை 'செல்சீ உரிமையாளருக்குப் புழக்கத்தடை' என்று மாற்றி ஒரு தடவை அனுப்பு, பயலிடம் மறுபடி வாசித்துக் காட்டுகிறேன்.