சென்ட்ஓஎஸ் 7 சர்வர்களை 9-க்கு மாற்றும்போது முதலில் ஃபர்ம்வேரா, இயங்குதளமா?

கேள்வி – குடியாத்தம்_கணினி

வணக்கம். குடியாத்தத்தில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவைத் தனி ஆளாகக் கவனித்து வருகிறேன். எங்களிடம் மூன்று சர்வர்கள் உள்ளன. இரண்டு ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை. கணக்கு, சரக்கிருப்பு, ஏற்றுமதி ஆவணங்கள் ஆகியவற்றுக்கான பதினொரு மெய்நிகர் கணினிகள் லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் மூலம் அவற்றில் ஓடுகின்றன. மூன்றாவது மிகப் பழையது. காப்பு நகல் வைப்பதற்கு மட்டும் பயன்படுகிறது. மூன்றிலும் சென்ட்ஓஎஸ் 7 இருக்கிறது. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டதால், இனியும் தள்ளிப்போட முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. 9 என்று நான் சொல்வது ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்எச்இஎல் 9-இன் வழிவந்த லினக்ஸ் இயங்குதளத்தை.

எனக்குத் தயக்கம் வரக் காரணம் சென்ற மாத அனுபவம். பராமரிப்பு ஒப்பந்தத்தின்படி வந்த தொழில்நுட்பர், தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) தொகுப்பு முழுவதையும் ஒரே இரவில் முதல் சர்வரில் ஏற்றிவிட்டுப் போனார். எல்லாம் வெற்றி என்றுதான் திரை காட்டியது. மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் ஆட்கள் வேலையைத் தொடங்கியதும் 10 ஜிகாபிட் இணைப்பு அறுந்து அறுந்து வரத் தொடங்கியது. சாயங்காலம் தானாக அடங்கிவிட்டது. கேபிளை மாற்றி, சுவிட்ச் போர்ட்டை மாற்றி இரண்டு நாட்களை வீணாக்கிய பிறகு, நெட்வொர்க் கார்டின் ஃபர்ம்வேரை மட்டும் பழைய பதிப்புக்குத் திருப்பினேன், சிக்கல் நின்றது.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நிறுவனம் மூடியிருக்கும். அன்றும் மறுநாளும் மட்டுமே எனக்கு நேரம் கிடைக்கும். ஃபர்ம்வேரை முதலில் உயர்த்துவதா, இயங்குதளத்தை முதலில் மாற்றுவதா? எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பு ஒத்துப்போகும் என்பதை முன்கூட்டியே எப்படி உறுதி செய்துகொள்வது? பழைய சர்வரில் 9 ஏறுமா?

பதில் – பாலாற்றங்கரை

உங்கள் நெட்வொர்க் கார்டு விவகாரத்திலேயே விடையின் பாதி இருக்கிறது. தயாரிப்பாளர் ஒரு தொகுப்பை வெளியிடும்போது, அதிலுள்ள ஃபர்ம்வேரைத் தன் வெளியீட்டுக் குறிப்பில் சொல்லியிருக்கும் டிரைவர் (வன்பொருளை இயங்குதளம் இயக்க உதவும் மென்பொருள்) பதிப்புகளோடு சேர்த்தே சோதித்திருப்பார். உங்கள் தொழில்நுட்பர் ஃபர்ம்வேரைப் புதிதாக்கிவிட்டு, சென்ட்ஓஎஸ் 7-இன் 3.10 கெர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்த பழைய டிரைவரை அப்படியே விட்டுவிட்டார். இரண்டும் தனித்தனியே நல்ல பதிப்புகளாக இருக்கலாம். ஆனால் அந்தச் சேர்க்கையை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பாரம் கூடும்போது மட்டும் தலைகாட்டும் கோளாறுகளுக்கு இப்படிப்பட்ட பொருத்தமின்மையே பல நேரங்களில் காரணம்.

ஆகவே முதலில் கணக்கெடுங்கள். ஒவ்வொரு சர்வரிலும் பயாஸ் பதிப்பு, மேலாண்மைச் சிப்பின் (தொலைவிலிருந்தே சர்வரைக் கட்டுப்படுத்த உதவும் தனிச் சிப்பு) பதிப்பு, ரெய்டு கார்டு (பல வட்டுகளை இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவைக் காப்பது), நெட்வொர்க் கார்டு, வட்டுகள் ஆகியவற்றின் ஃபர்ம்வேர், அவற்றை இயக்கும் டிரைவர், கெர்னல் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதி வையுங்கள். எத்டூல் கட்டளையை '-i' விருப்பத்துடன் இயக்கினால் டிரைவரும் ஃபர்ம்வேரும் ஒன்றாகத் தெரியும். புதிய கெர்னல்களில் பல டிரைவர்கள் தமக்கென்று தனிப் பதிப்பு எண் வைத்துக்கொள்வதில்லை. அந்த இடத்தில் கெர்னல் எண்தான் வரும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். கார்டின் விற்பனைப் பெயரையும் நம்ப வேண்டாம். ஒரே பெயரில் வெவ்வேறு சிப்புகள் விற்கப்பட்டிருக்கின்றன. எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் விற்பனையாளர், கருவி, துணை விற்பனையாளர், துணைக்கருவி ஆகிய நான்கு அடையாள எண்களைக் கொண்டுதான் பொருத்தப் பட்டியலில் தேட வேண்டும்.

அடுத்ததாக, எது முதலில் என்ற கேள்விக்கு வருகிறேன். போய்ச் சேர வேண்டிய இயங்குதளத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். 9-இன் கெர்னல் 5.14. அதற்குத் தயாரிப்பாளர் ஏற்றுக்கொள்ளும் ஃபர்ம்வேர் பதிப்புகளை ஒரு பக்கமும், இன்றைய 3.10 கெர்னலுக்கு ஏற்றுக்கொள்ளும் பதிப்புகளை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் இடம்பெறும் பதிப்பு ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். அது ஆகப் புதியதாக இருக்க வேண்டியதில்லை. அதை இப்போதே ஏற்றி, ஒரு வாரம் அன்றாடப் பாரத்தில் ஓடவிட்டு, பிறகு இயங்குதளத்தை மாற்றுங்கள். அப்படிப் பொதுவான பதிப்பு எதுவும் இல்லையென்றால் ஃபர்ம்வேரையும் இயங்குதளத்தையும் ஒரே இடைவேளையில் மாற்றியாக வேண்டும். அன்று இரவு நீங்கள் தூங்கப்போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பொதுவாக மேலாண்மைச் சிப்பு முதலில், அடுத்து பயாஸ், பிறகு மற்றவை என்ற வரிசை பாதுகாப்பானது. சில ஃபர்ம்வேர்கள் மறுதொடக்கத்தால் மட்டும் செயலுக்கு வருவதில்லை. மின்சாரத்தையே முழுவதுமாக நிறுத்திப் போட வேண்டும். சிலவற்றைப் பழைய பதிப்புக்குத் திருப்பவே முடியாது. வெளியீட்டுக் குறிப்பில் இந்த இரண்டையும் தேடிப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பதில் – சத்துவாச்சாரி_24

மேலே சொன்னவை சரிதான்; ஆனாலும் ஃபர்ம்வேரைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. ஓடிக்கொண்டிருக்கும் கார்டை நோண்டுவானேன்? இயங்குதளத்தை மட்டும் மாற்றுங்கள். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற செயலிப் பாதுகாப்புக் குறைபாட்டுக்காக இன்டெல் அவசரமாக வெளியிட்ட மைக்ரோகோடு (செயலிக்கான ஃபர்ம்வேர்), ஹாஸ்வெல், பிராட்வெல் செயலிகளில் எதிர்பாராத மறுதொடக்கங்களை உண்டாக்கியதால், அதை நிறுவுவதை நிறுத்துமாறு அந்த நிறுவனமே அதே மாதம் அறிவித்தது. முந்திக்கொண்டு ஏற்றியவர்கள்தான் அவதிப்பட்டார்கள்.

பதில் – பாலாற்றங்கரை

மைக்ரோகோடு குறித்து நீங்கள் சொல்வது உண்மை. அவசரப்பட வேண்டாம் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் தொடவே வேண்டாம் என்பதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி வட்டுகளில் சில மாடல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. எச்பிடி8-க்கு முந்தைய ஃபர்ம்வேர் உள்ள வட்டு 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், செயலிழந்துவிடும். வட்டும் திரும்பாது, அதிலுள்ள தரவும் திரும்பாது. ஒரே நாளில் வாங்கிப் பூட்டிய வட்டுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போய்விடும் என்பதால் ரெய்டு இருந்தும் பயனில்லை. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்ற கணக்கில் இதே போன்ற எச்சரிக்கை மீண்டும் வந்தது. அந்த வட்டுகளை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வந்தவுடன் ஏற்றவும் வேண்டாம், ஏன் வந்தது என்று படிக்காமல் ஒதுக்கவும் வேண்டாம்.

பதில் – காட்பாடி_சந்திப்பு

பழைய சர்வரைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்கு நான் பதில் சொல்கிறேன். அங்கே இரண்டு தடைகள் இருக்கலாம். ஆர்எச்இஎல் 9-உம் அதன் வழிவந்தவையும் எக்ஸ்86-64 வி2 என்ற கட்டளைத் திறன் நிலையிலான செயலியை எதிர்பார்க்கின்றன. 2008-இல் வந்த நெஹாலம் முதலான இன்டெல் சர்வர் செயலிகள் இதில் தேறிவிடும். ஆர்எச்இஎல் 10-க்குப் போக நினைத்தால் வி3 தேவை, ஹாஸ்வெல்லுக்கு முந்தையவை அங்கே கழிந்துவிடும். இரண்டாவது தடை ரெய்டு கார்டு. ஆர்எச்இஎல் 8 வந்தபோதே பழைய மெகாரெய்டு, எஸ்ஏஎஸ் கார்டுகள் பலவற்றின் அடையாள எண்கள் டிரைவரிலிருந்து நீக்கப்பட்டன. டிரைவரின் பெயர் அப்படியே இருக்கும், ஆனால் உங்கள் கார்டை அது கண்டுகொள்ளாது; நிறுவும்போது வட்டு ஒன்றுமே தெரியாது. ஆர்எச்இஎல் வழிவந்த இலவச இயங்குதளங்களில் அல்மாலினக்ஸ், ராக்கி என இரண்டு உண்டு. அல்மாலினக்ஸ் 9.4 முதல் இவற்றில் பலவற்றை மீண்டும் சேர்த்திருக்கிறார்கள். ராக்கி என்றால் எல்ரெப்போ என்ற தன்னார்வ டிரைவர் களஞ்சியம் தரும் டிரைவர் வட்டைப் பயன்படுத்த வேண்டும்; செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவக்க விடும் வசதி) இயக்கத்தில் இருந்தால் அதன் கையொப்பச் சாவியையும் பதிவு செய்ய வேண்டும். நிறுவல் யுஎஸ்பியை மீட்பு முறையில் துவக்கி, வட்டுகள் தெரிகின்றனவா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும், எதையும் அழிக்காது.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின் நிறுத்தம் அறிவிக்கும் நாளில், எப்படியும் வேலை நிற்கிறது என்று நம் பக்கத்தில் பலர் அன்றைக்கே ஃபர்ம்வேர் வேலையை வைத்துக்கொள்கிறார்கள். பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது ஜெனரேட்டர் நின்று, யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டால், மதர்போர்டை மாற்றும் வரை அந்தச் சர்வர் எழுந்திருக்காமலே போகலாம். சித்திரை, வைகாசி வெயிலில் வேலூர்ப் பக்கத்து யுபிஎஸ் பேட்டரிகள் எந்த நிலையில் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். முன்னதாகவே பாரம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

நெட்வொர்க் கார்டின் பெயர் புதிய கெர்னலில் மாறிப்போகவும் கூடும். பெயரை மேக் முகவரியோடு கட்டிவைத்துவிடுங்கள். மேலாண்மைச் சிப்பின் கன்சோல் வழியாக உள்ளே நுழைய முடிகிறதா என்பதையும் மாற்றம் செய்யும் நாளுக்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

பதில் – குடியாத்தம்_கணினி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை பழைய சர்வரைச் சோதித்தேன். ராக்கி 9 யுஎஸ்பியில் துவக்கியபோது வட்டு ஒன்றும் தெரியவில்லை. அல்மாலினக்ஸ் 9 யுஎஸ்பியில் ஆறும் தெரிந்தன. ஆகவே மூன்றிலும் அல்மாலினக்ஸையே வைப்பதாக முடிவு செய்துவிட்டேன். நெட்வொர்க் கார்டுக்கு இரண்டு கெர்னலுக்கும் பொதுவான ஒரு ஃபர்ம்வேர் பதிப்பு கிடைத்திருக்கிறது. நான் திருப்பி வைத்திருப்பதைவிட ஒரு படி புதியது, அந்தத் தொழில்நுட்பர் ஏற்றியதைவிட இரண்டு படி பழையது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சர்வரில் ஏற்றப்போகிறேன். திருவிழா நாளில் அந்த ஒரு சர்வரை மட்டும் 9-க்கு மாற்றுவேன். முதல் சர்வர் ஒரு மாதம் 7-லேயே இருக்கட்டும். மெய்நிகர் கணினிகளை ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே 7-லிருந்து 9-க்கு நகர்த்தலாமா?

பதில் – பாலாற்றங்கரை

வேண்டாம், நிறுத்திவிட்டு நகர்த்துங்கள். 9-லிருந்து 7-க்கு அப்படித் திரும்பி வரவும் வழியில்லை என்பதால், நகர்த்தும் முன் ஒவ்வொன்றுக்கும் தனியாக நகல் எடுத்து வையுங்கள். மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் விர்ஷ் கட்டளையில் ஒவ்வொன்றின் மெஷின் டைப்பையும் (அதற்குக் காட்டப்படும் மதர்போர்டு வகை) பாருங்கள். ஐ440எஃப்எக்ஸ் வகையில் ஆர்எச்இஎல் 7.5 வரையிலானவற்றை 9 ஏற்பதில்லை. 7.0 என்று இருப்பவற்றின் வரையறைக் கோப்பில் 7.6 என்று மாற்றி, புதிய சர்வரில் ஒரு முறை துவக்கிச் சரிபார்த்துவிடுங்கள்.