56 டெசிபல் காணாது எண்டு சொன்ன ஆளுக்கு

#1 வாவிக்கரை

நேற்று ஒரு பெடியன் வீட்டில பாட்டும் கிற்றாரும் பதிய சின்னதா ஒரு ஓடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிற்றாரையும் கம்பியூட்டரோட பூட்டுற பெட்டி) சொல்லுங்க எண்டு கேட்டிருந்தான். அதுக்குக் கல்முனை கேபிள் எழுதினது இது: "56 டெசிபல் கெயின் உள்ள பெட்டியில எஸ்எம்7பி மைக் பூட்டினா ஒண்டும் கேக்காது. 69 உள்ளதை வாங்கு. இல்லாட்டி நடுவில ஒரு பூஸ்டர் போடு."

கெயின் எண்டது மைக்கில இருந்து வாறதைப் பெட்டி எவ்வளவு பெருக்கும் எண்ட அளவு. ஒண்டும் கேக்காதாம். கணக்குப் போட்டுப் பாத்தீங்களா, இல்லாட்டி யூடியூப்ல ஆரோ தலையாட்டினதப் பாத்திட்டு எழுதுறீங்களா?

எஸ்எம்7பி மெல்லிசா சிக்னல் தாற டைனமிக் மைக். அதின்ர உணர்திறன் −59 டெசிபல்-வோல்ட். மைக்கில 94 டெசிபல் சத்தம் விழுந்தா 1.12 மில்லிவோல்ட் வெளியில வரும். டெசிபல்-யூ எண்ட மற்ற வோல்ட் கணக்கில −56.8. 56 உள்ள பெட்டி ஸ்கார்லட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை, 2019இல வந்தது, அதில 56ஐயும் முழுசாத் திருகினா −47 டெசிபல்-யூவிலயே மீற்றர் நிரம்பிச் சிவப்புப் பத்தும். இடைவெளி 10 கூட இல்ல. வாயத் திறந்து பாடுறவன் மைக்குக்குக் கிட்ட நிண்டா 94ஐச் சும்மா தாண்டுவான். மீற்றர் நிரம்புற இடம் 0 எண்டா, 24 பிட் நுணுக்கத்தில பதியக்குள்ள உச்சம் −18க்கும் −12க்கும் நடுவில நிண்டாலே தாராளம். இதில எங்க "ஒண்டும் கேக்காது"?

#2 கல்முனை கேபிள்

கணக்கு வாத்தியார் வந்திட்டார், எல்லாரும் எழும்பி நில்லுங்க.

56ஐ விட 69 பெரிசு. 13 டெசிபல் கூட. ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். பாடுறவன் கத்துவான், சரி. மெல்லக் கதைக்கிறவன் என்ன செய்ற? தாலாட்டுப் பாடுற உம்மா என்ன செய்ற? குமிழைக் கடைசிக் கால்வாசிக்குத் திருகினா "ஸ்ஸ்ஸ்" எண்டு இரையும். 56 காணாது. முடிஞ்சுது கதை.

#3 வாவிக்கரை

13 கூட இல்ல நானா. 6.

கெயின் எத்தனை எண்டு பாக்கிறதுக்கு முதல், அது எங்க இருந்து தொடங்குது எண்டு பாருங்க. மூன்றாம் தலைமுறையில குமிழ் அடியில இருக்கக்குள்ள தாங்குறது 9 டெசிபல்-யூ. 2023இல வந்த நான்காம் தலைமுறை 2ஐ2 தாங்குறது 16. இப்ப கழியுங்க: 9இல 56 போனா −47. 16இல 69 போனா −53. ரெண்டுக்கும் நடுவில 6 மட்டும்தான்.

ரெண்டு பேர் தென்னையில ஏறுறாங்க. ஒருத்தன்ர ஏணி 56 படி, மற்றவன்ர 69. ஆனா 69காரன் 7 படி பள்ளத்துக்குள்ள ஏணிய ஊன்றியிருக்கிறான். ஆர் எவ்வளவு மேல நிக்கிறான் எண்டு ஏணிய அளந்து சொல்லேலாது. பெட்டிக்கு வெளியில பெரிசா அச்சடிக்கிறது ஏணியின்ர நீளம். பள்ளத்தின்ர ஆழம் கையேட்டில கடைசிப் பக்கத்தில, எறும்பு எழுத்தில.

#4 தென்மோடி

இவர்தானே கா அந்த 192 கிலோஹேர்ட்ஸ் (செக்கனுக்கு எத்தனை தரம் ஒலியை அளக்கிறது எண்ட எண்) சண்டையில "எண் பெரிசெண்டா நல்லதெண்டில்ல" எண்டு மூண்டு பக்கத்துக்குப் பறைஞ்சவர்? அதே மூச்சில "16 பிட் காணாது, 24 வேணும்" எண்டும் பறைஞ்சார். அங்க பெரிய எண் நல்லம். இங்க பெரிய எண் கூடாது. நாக்கு எத்தனை பக்கம் கிறுகும்?

#5 புதுப்பாட்டு

அண்ணாமார், கேட்டது நான்தான். எனட்ட எஸ்எம்7பி இல்ல. ஏடி2020 கொன்டென்சர் மைக்தான் இருக்கு. கிற்றார் பாஸிவ் (பெற்றரி இல்லாத) பிக்கப்.

#6 கல்முனை கேபிள்

தம்பி, கொஞ்சம் பொறுங்க. இது உங்கட மைக்கைப் பற்றின கதை இல்ல.

வாத்தியாரே, 6 எண்டே வச்சுக்கொள்ளுவம். 6உம் கூடத்தானே? 56 காணாதெண்டதை நீங்களே ஒத்துக்கொண்டாச்சு. நன்றி. பூஸ்டர் போட்டா இன்னும் 25 கிடைக்கும், கிளவுட்லிஃப்டர் அவ்வளவு தருது. பெட்டியில குமிழைப் பாதியில வச்சிட்டுக் காலாட்டிக்கொண்டு இருக்கலாம்.

#7 வாவிக்கரை

நான் ஒண்டையும் ஒத்துக்கொள்ளயில்ல. எழுத்துக் கூட்டி வாசியுங்க.

முதல்ல தென்மோடிக்கு. 16 பிட்டின்ர வீச்சு 96 டெசிபல், 24 பிட்டுக்குக் கடதாசியில 144. 24இல பதிஞ்சா மீற்றரை உச்சிக்குத் தள்ளாமப் பதியலாம், அதுதான் லாபம். 192 தாறது வேற. 24 பிட்டில ஒரு நிமிச மோனோ 48இல 8.64 மெகாபைட், 192இல 34.56. நாலு மடங்கு டிஸ்க் போகுது, காதுக்கு 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல ஒண்டும் இல்ல. எண் பெரிசா சின்னனா எண்டதில்ல, எந்த எண் எண்டதுதான். விளங்கினாச் சரி, விளங்காட்டி அந்தப் பழைய இழைக்கே போங்க.

இனி இரைச்சல். மைக்குக்குப் பதிலா 150 ஓம் தடை ஒண்டு சும்மா மேசையில கிடந்தாலே சூட்டினால ஏறத்தாழ −131 டெசிபல்-யூ இரைச்சல் தரும். இது இயற்கை, கொம்பனிக்காரன் தலைகீழா நிண்டாலும் குறைக்கேலாது. ஸ்கார்லட் மூன்றாம் தலைமுறை தன்ர இரைச்சல் −128 எண்டு போட்டிருக்கு. நடுவில மிஞ்சினது 3, அளவுமுறை வித்தியாசத்தையும் சேத்தா கூடிப்போனா 5. பூஸ்டரைத் தங்கத்தில செய்தாலும் அந்த 5க்கு மேல ஒண்டையும் மீட்டுத் தராது. 25 டெசிபல் சத்தத்தைக் கூட்டுது, கூடவே மைக்கில இருந்து வாற இரைச்சலையும் 25 கூட்டுது. மலிவான, இரைச்சல் கூடின பெட்டிக்கு அது பிரயோசனம். நல்ல பெட்டிக்கு அலங்காரம்.

மெல்லக் கதைக்கிற ஆளுக்கும் கணக்கு இருக்கு. சாதாரணக் கதை ஒரு மீற்றரில 60 டெசிபல். தூரம் பாதியானா 6 கூடும். 50 சென்ரிமீற்றரில 66, 25இல 72, பன்னிரண்டரையில 78. 56ஐயும் திருகினா மீற்றர் −26. அதை மென்பொருளுக்குள்ள 12 கூட்டுங்க, ஒண்டும் கெட்டுப்போகாது. இல்லாட்டி வாய இன்னும் பாதித் தூரம் கிட்டக் கொண்டுபோங்க: 6 டெசிபல். உங்கட 69 பெட்டி தாற அதே 6, சல்லியில்லாம. கிட்டப் போனா அடித்தொனி ஊதும், அதுக்குத்தான் மைக்கின்ர முதுகில அடித்தொனி வெட்டுற சுவிட்ச் இருக்கு.

#8 காரைதீவு உடுக்கு

ரெண்டு பேரும் 56, 69 எண்டு அடிபடுறீங்க. இஞ்ச ஆக்கள் பதியப்போறது மத்தளமும் சல்லாரியும் உடுக்கும். அதுக்குக் கெயினே வேணாம், குமிழ் அடியில கிடக்கும். அங்க பாக்கவேண்டியது 9ஆ 16ஆ எண்ட மற்ற எண். கொன்டென்சரைக் கிட்ட வச்சு மத்தளத்தில ஓங்கி அடிச்சா அந்த 7தான் கைகொடுக்கும்.

இரைச்சல் எண்டு நீங்க சண்டை பிடிக்கிறதில பாதி சீலிங் ஃபேன். மிச்சம் லெப்டொப் சார்ஜர். ரெண்டு பின் சார்ஜரில எர்த் இல்ல, ஸ்பீக்கருக்கு எர்த் இருக்கு, யூஎஸ்பி வயருக்கால சுத்திக்கொண்டு வந்து 50, 100 ஹேர்ட்ஸில "ம்ம்ம்" எண்டு உறுமும். சார்ஜரைக் கழட்டிப்போட்டு பெற்றரியில ஒருக்கா பதிஞ்சு பாருங்க. உறுமல் நிண்டா பெட்டியில பிழை இல்ல. எல்லாத்தையும் ஒரே மல்டி பிளக்கில குத்துங்க, ஸ்பீக்கருக்கு மூண்டு தொடுகை உள்ள (டிஆர்எஸ்) ஜெக் போட்ட பலன்ஸ்ட் வயர் போடுங்க. எர்த் பின்னை மட்டும் உடைச்சுப்போட்டுக் குத்தாதீங்க.

#9 தென்மோடி

ஃபேனை நிப்பாட்டவா? கச்சான் காத்து அடிக்கிற ஆனி மாசத்தில மட்டக்களப்பில கதவையும் பூட்டி, ஃபேனையும் நிப்பாட்டி? பாட்டு முடிய முதல் பாடகர் முடிஞ்சிருவார்.

இவ்வளவு நுணுக்கமா 69 கேக்கிறதெண்டா கல்லடிப் பாலத்தடியில வாவிக்குள்ள மீன் பாடுறதப் பதியிறதுக்குத்தான் சரி.

#10 வாவிக்கரை

மீனுக்கு ஹைட்ரோஃபோன், தண்ணிக்குள்ள வைக்கிற மைக், வேணும். தண்ணிக்குள்ள இருந்து சத்தம் காத்துக்கு ஏறக்குள்ள 30 டெசிபல் அளவு போயிரும். அதாலதான் அந்தக் காலத்தில துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியக் காதில வச்சுக் கேட்டாங்க. நக்கலடிக்கிறதெண்டாலும் விசயம் தெரிஞ்சு அடியுங்க.

#11 தென்மோடி

துடுப்புக்குக் கெயின் எத்தனை? 56ஆ?

#12 கல்முனை கேபிள்

69.

சரி, இவர் ஏன் மூன்றாம் தலைமுறைக்கு இவ்வளவு வக்காலத்து வாங்குறார் எண்டு ஆருக்கும் சந்தேகம் வரல்லயா? வீட்டில பழைய பெட்டி ரெண்டு மூண்டு தூசு பிடிச்சுக் கிடக்கோ, தலையில கட்ட ஆள் தேடுறாரோ எண்டு நான் கேக்கல்ல. சும்மா நினைச்சன்.

நான்காம் தலைமுறையில ஒட்டோ கெயின் இருக்கு, பத்துச் செக்கன் பாடினா அதுவே அளவை வைக்கும். கிளிப் சேஃப் இருக்கு, சிவப்பு வர முதல் தானே குறைக்கும். புதுசாத் தொடங்கிற பெடியனுக்கு இதெல்லாம் வேணாமா? 56இல அது இருக்கா?

#13 வாவிக்கரை

விக்கிறதுக்கு என்னட்ட ஒண்டும் இல்ல. இருந்தாலும் உங்களுக்குத் தரமாட்டன்.

"நான்காம் தலைமுறை" எண்டு பொத்தாம் பொதுவா எழுதி ஆக்களைக் குழியில தள்ளாதீங்க. நான்காம் தலைமுறை சோலோவில கெயின் 57தான். ஒட்டோ கெயினும் இல்ல, கிளிப் சேஃபும் இல்ல. பெடியன் உங்கட சொல்லைக் கேட்டு, ஒரே சிவப்புப் பெட்டிதானே எண்டு சின்னதை வாங்கிக்கொண்டு வந்தா, 57ஐப் பாத்திட்டு உங்களைத் தேடி வருவான்.

ஒட்டோ கெயின் நல்லம்தான். ஆனா ஒத்திகையில மெல்லப் பாடிப்போட்டு, பதியக்குள்ள மேல் ஸ்தாயியில இழுத்தா அது வச்ச அளவு பிழைக்கும். பாட்டில பலமான அடியப் பாடித்தான் அளவு வைக்கணும், குமிழ் எண்டாலும் பொத்தான் எண்டாலும்.

#14 அக்கரை மிக்ஸ்

ஒருத்தரும் டிரைவரைப் பத்திக் கதைக்கல்ல. பெஹ்ரிங்கர் யுஎம்சி22 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். விண்டோஸில அதுக்குத் தனி ஏசியோ (ஒலியைப் பிந்தாமக் கொண்டுபோற) டிரைவர் இல்ல, ஏசியோ4ஓல் எண்ட பொது டிரைவர் போட்டுத்தான் இழுக்கணும். யுஎம்சி202எச்டி 24 பிட், சொந்த டிரைவர். பேர் ஒரே மாதிரி, பெட்டி வேற. பஃபரை (கம்பியூட்டர் ஒருதரம் சேத்து வச்சு அனுப்புற அளவு) 128 சாம்பிளில வச்சா 48 கிலோஹேர்ட்ஸில போக 2.7 மில்லிசெக்கன், வர 2.7, அதுக்கு மேல டிரைவர் தன்ர பங்குக்குக் கொஞ்சம். டிரைவர் கூடாதெண்டா 128இல படபடவெண்டு வெடிக்கும், 512க்கு ஏத்தோணும், அப்ப பாடுறவனுக்குத் தன்ர குரல் பிந்திக் கேக்கும். டிரெக்ட் மொனிட்டர் பொத்தானை அமத்தினா குரல் கம்பியூட்டரைச் சுத்தாமப் பெட்டியில இருந்தே காதுக்கு வரும், அந்தச் சிக்கல் இல்ல.

#15 கல்முனை கேபிள்

டிரைவர் கதை பிறகு. 56 காணுமா காணாதா எண்டதுதான் இழை.

#16 புதுப்பாட்டு

ஏடி2020க்கு எத்தனை வேணும் அண்ணன்?

#17 காரைதீவு உடுக்கு

அதின்ர உணர்திறன் −37 மனே, எஸ்எம்7பியை விட 22 கூட. நீங்க குமிழைப் பாதிக்கு மேல திருகவே தேவையில்ல. கொன்டென்சருக்குக் கரண்ட் குடுக்கிற 48 வோல்ட் பொத்தானை மறக்காம அமத்துங்க, எக்ஸ்எல்ஆர் (மூண்டு பின் மைக்) வயரிலதான் அந்தக் கரண்ட் போகும், ஜெக்கில போகாது. கிற்றாருக்கு "இன்ஸ்ட்" பொத்தான். லைனில விட்டா பாஸிவ் பிக்கப் சோம்பிப் போய் மேல்தொனி செத்துக் கேக்கும். யூஎஸ்பி ஹப்பில குத்தாம லெப்டொப்பிலயே நேரக் குத்துங்க.

#18 கல்முனை கேபிள்

பாத்தீங்களா, 22 கூட வேணும் எண்டு இவரே சொல்றார். எஸ்எம்7பிக்கு 56 காணாது.

#19 வாவிக்கரை

அவர் சொன்னது அது இல்ல! மைக் மாறினா வேணுமெண்ட கெயினும் மாறும் எண்டார்.

இனி வாயால வேணாம், ரெண்டு பெட்டியின்ர இரைச்சலையும் அளந்து பாப்பம். ஒரு எக்ஸ்எல்ஆர் ஆண் பிளக் எடுங்க. 2ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் குறுக்கால 150 ஓம் ரெசிஸ்டர் ஒண்டை ஒட்டுங்க. 1ஆம் பின்னைப் பிளக்கின்ர கூட்டோட சேருங்க, இல்லாட்டி கை கிட்டப் போனாலே உறுமும். 48 வோல்ட்டை நிப்பாட்டுங்க. 56 பெட்டியில குமிழ் முழுசா, பத்துச் செக்கன் பதியுங்க. 69 பெட்டியில முழுசா வைக்காதீங்க, கெயினை 63இல வையுங்க, அப்பதான் ரெண்டும் −47இல நிரம்பும். பத்துச் செக்கன் பதியுங்க. பிறகு ஆர்எம்எஸ் (சராசரிச் சத்த) அளவைப் பாத்து எழுதுங்க. ரெண்டுக்கும் நடுவில 3 டெசிபல் வித்தியாசம் வந்தா நான் எழுதிறதை விட்டிடுறன்.

#20 கல்முனை கேபிள்

69 பெட்டிய 63க்குக் குறைச்சுப்போட்டு 56ஓட மோத விடுவார். நல்ல நியாயம். ஓடுறவன்ர ஒரு காலைக் கட்டிப்போட்டுப் பந்தயம் வைக்கிற மாதிரி.

அந்த ரெசிஸ்டர் எத்தனை வீதப் பிசகு உள்ளது? அதைச் சொல்லல்லயே.

#21 வாவிக்கரை

5 வீதம். தங்கப் பட்டி உள்ளது. இரைச்சலில 0.2 டெசிபல் வித்தியாசம் வரும்.

#22 கல்முனை கேபிள்

அப்ப 56.2 எண்டாலும் காணாது.