பரோட்டா ஷார்ட்ஸ் வைரல், காசு மட்டும் வரலையே?

கேள்வி: ஒரு பரோட்டா மாஸ்டர் மாவு வீசுற யூடியூப் ஷார்ட்ஸ் 40 லட்சம் பார்வை தாண்டிடுச்சு. சப்ஸ்கிரைபர் 6,000. பைசா வரல, ஏன்? மத்தவங்களும் திருடிப் போடுறாங்க.

பதில் 1: விளம்பரப் பங்குக்கு 1,000 சப்ஸ்கிரைபரோட, 90 நாளில் ஷார்ட்ஸ் பார்வை 1 கோடி வேணும், இல்லாட்டி 12 மாசத்தில் நீள வீடியோ 4,000 மணி நேரம் ஓடணும். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் இந்த 4,000 மணியில் சேராது. பலர் கோட்டை விடுறது இங்கதான். இந்த விளம்பரப் பங்குத் திட்டத்தில் சேர்றதுக்கு முன்னாடி வந்த பார்வைக்கும் காசு கிடையாது. மாவு பிசையறதுல இருந்து சால்னா வரைக்கும் நீள வீடியோவா இப்பவே போடச் சொல்லுங்க, சூடு ஆறுறதுக்குள்ள.

பதில் 2: திருட்டுக்கு யூடியூப் ஸ்டூடியோவில் (சேனலை நிர்வகிக்கிற பக்கம்) காப்புரிமைப் புகார் கொடுக்கலாம். ஆனா பொதுவா உரிமை படம் எடுத்தவருக்கு, மாஸ்டருக்கு இல்ல. எடுத்தது யாரு?

பதில் 3: ஆட்சென்ஸ்ல (யூடியூப் காசு சேர்ற கூகுள் கணக்கு) 100 டாலர் சேர்ந்தாத்தான் பேங்குக்கு வரும். 10 டாலர்லயே விலாசத்தை உறுதிப்படுத்த ஒரு பின் நம்பர் தபால்ல வரும், விலாசம் சரியா இருக்கணும்.