சர்வர் பெயர்த் தேடலுக்கு எந்த இண்டெக்ஸ் பொருந்தும்?

வணக்கம். எங்கள் அலுவலகத்தின் சர்வர், ரூட்டர் விவரங்களையும் அவற்றின் அமைப்பு மாற்றங்களையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பராமரிக்கிறோம். சர்வர் பெயரின் நடுவில் வரும் நான்கைந்து எழுத்துகளைத் தட்டித் தேடினால், விடை வருவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. பெயர்ப் பத்தியில் வழக்கமான பி-ட்ரீ இண்டெக்ஸ் (பெயர்களை முதலெழுத்திலிருந்து வரிசைப்படுத்தி, தேடலை விரைவாக்கும் அமைப்பு) இருந்தும், தேடுசொல்லின் முன்னாலும் '%' குறி (எந்த எழுத்துகளும் வரலாம் என்பதற்கான குறி) இருப்பதால் அது பயன்படாமல், அட்டவணை முழுவதும் வரிசையாகப் படிக்கப்படுவதை வினவல் இயங்கும் விதத்தை விளக்கும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளை காட்டுகிறது. ஆகவே சொற்களை மும்மூன்று எழுத்துத் துண்டுகளாகப் பிரித்துத் தேட உதவும் டிரைகிராம் நீட்சியை நிறுவி, எந்தத் துண்டு எந்த வரிகளில் உள்ளது எனக் குறித்துவைக்கும் ஜின் இண்டெக்ஸ் ஒன்றைச் சேர்க்க எண்ணியுள்ளேன்.

ஆனால் ஒவ்வோர் இரவும் தானியங்கி ஸ்கேன் ஏறத்தாழ எல்லா வரிகளையும் புதுப்பிப்பதால், எழுதும் வேகம் எவ்வளவு பாதிக்கப்படும் என்பதே என் கவலை. இத்தகைய அட்டவணையில் ஜின்னின் 'ஃபாஸ்ட் அப்டேட்' வசதியை (புதிய பதிவுகளைத் தற்காலிகப் பட்டியலில் வைத்து, பின்னர் மொத்தமாக இண்டெக்ஸில் சேர்ப்பது) அணைத்துவிடுவது நல்லதா? பயன்பாட்டை நிறுத்தாமல், 'கன்கரன்ட்லி' முறையில் (அட்டவணையில் எழுதுவதைத் தடுக்காமல்) இத்தகைய இண்டெக்ஸை உருவாக்கிய அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.