‘கல்லிங்’ என்பதற்குத் ‘தெள்ளுதல்’: என் பதில்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒளிப்பட மென்பொருள்களில், எடுத்த படங்களில் நல்லதைப் பிரித்தெடுக்கும் வேலைக்குக் ‘கல்லிங்’ (culling) என்று பெயர். அந்தச் சொல்லுக்கு, முறத்தில் அரிசியைத் தட்டிப் பிரிப்பதைக் குறிக்கும் ‘தெள்ளுதல்’ என்று நான் முன்வைத்ததைப் பற்றியும், ‘களையெடுப்பு’, ‘தேர்வு’, ‘சலித்தல்’ என்று வேறு சொற்களைச் சொல்லியும் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு இடங்களில் என் கருத்தை மாற்றிக்கொண்டேன். ஆனால் அந்தச் சொல்லை விட மனம் வரவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வேலையைப் பார்ப்போம். நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை. பக்கத்துச் சித்தூரில் பகவதி கோயில் கொங்கன் படைத் திருவிழாவுக்குப் போய் வந்தால் கேமராவில் ஆயிரத்துக்கு மேல் படம் இருக்கும். ஒரே செண்டைக்காரர், கோலை ஓங்கிய கணம், தொடர்ச்சியாகப் பதினான்கு படம். ஒன்றில் கண் மூடியிருக்கிறார். ஒன்றில் யாரோ குறுக்கே கையை நீட்டிவிட்டார்கள். ஒன்றில் கோல் மட்டும் தெளிவு, முகம் கலங்கல். மூன்று மூன்றாகப் பக்கத்தில் வைத்து, கண் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குகிறோம். இதுதான் கல்லிங். இந்தக் கட்டத்தில் எந்தப் படமும் அழிவதில்லை என்பதைக் கவனியுங்கள். எக்ஸ்எம்பி என்ற தகவல் வடிவத்தில் ஒரு படத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தரலாம். 0 என்றால் இன்னும் மதிப்பிடவில்லை. ஒதுக்கிய படத்துக்கு -1. அது படத்தோடு சேர்ந்த ஒரு குறிப்பு, அவ்வளவே. நாளைக்கே மனம் மாறினால் எண்ணை மாற்றிவிடலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தாருக்காக, வீட்டுக் கணினியில் படங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிக் கொடுத்தேன். கல்லிங் வருமிடத்தில் ‘வேண்டாத படங்களை நீக்குதல்’ என்று எழுதியிருந்தேன். மச்சான் அதை அப்படியே செய்தார். கலங்கிய படம், ஆடிய படம் எல்லாவற்றையும் நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டார். அதில் பெரியப்பா பம்புசெட் பக்கத்தில் நின்று சிரிக்கும் படமும் போயிற்று. கை ஆடிப்போய் எடுத்த படம்தான், பாதி முகம் கோடு கோடாக இருக்கும். ஆனால் அவர் வாய்விட்டுச் சிரிக்கிற படம் எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது. அவர் இப்போது இல்லை. மச்சான் மீது தவறில்லை. நீக்கச் சொன்னது என் சொல்.

அதனால்தான் ‘நீக்குதல்’, ‘களையெடுப்பு’ இரண்டையும் நான் ஏற்கவில்லை. களை பயிருக்குக் கேடு, பிடுங்கித்தான் ஆக வேண்டும். அதுவும் பயிர் நிற்கும்போது செய்கிற வேலை. நம்முடையது அறுவடைக்குப் பிறகு, களத்திலும் வீட்டிலும் செய்கிற வேலை. ஒருவர் அகராதியைப் பார்த்துக் ‘கொன்றழிப்பு’ என்று எழுதியிருந்தார். அந்தப் பொருளும் உண்மைதான். 2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் வந்து, எல்லைச் சாவடிகளில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து தெளித்த நாட்களில் செய்திகளில் எல்லாம் கல்லிங், கல்லிங்தான். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லே, சேர்த்தெடுப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் அதற்குப் பொறுக்கி எடுப்பது என்றுதான் பொருள். கொல்வது பின்னால் ஒட்டிக்கொண்டது. நாம் அதைத் தமிழுக்குள் கொண்டுவர வேண்டாம்.

‘தேர்வு’ நல்ல சொல். ஆனால் ‘எல்லாவற்றையும் தேர்வு செய்’ என்று ஏற்கெனவே மென்பொருளின் மெனுவில் உட்கார்ந்திருக்கிறது. ‘வடிகட்டல்’ ஃபில்டருக்குப் போய்விட்டது.

‘சலித்தல்’ என்று சொன்னவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வேறொரு வேலைக்குச் சரியாகப் பொருந்துகிறது. சல்லடைக்குக் கண் ஒரே அளவு. உள்ளே போவது எது, நிற்பது எது என்று அது யோசிப்பதில்லை. இரண்டு கோப்புகள் அச்சு அசலாக ஒன்றா என்று கணினி பார்ப்பது அப்படித்தான். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, எண் ஒத்துப்போனால் இரட்டை என்கிறது. ஒரு பைட் மாறினாலும் எண் வேறாகிவிடும். ஆகவே வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த அதே படம் சல்லடையில் அகப்படாது. பெயரை நம்பியும் சலிக்கக்கூடாது. பல கேமராக்கள் 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001 என்று தொடங்கும், பெயர் ஒன்றாக இருந்தும் படம் வேறாக இருக்கும். எனவே இயந்திரம் செய்வது சலித்தல், கண்ணும் கையும் செய்வது தெள்ளுதல் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

இனி முறத்துக்கு வருகிறேன். முறத்தில் செய்கிற வேலைக்கு நம்மிடம் எத்தனை சொல்! அம்மா பின்கட்டுத் திண்ணையில் அரிசி தெள்ளுவதைப் போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் புடைத்தார். முறத்தைத் தூக்கித் தூக்கிப் போட, உமியும் தூசும் முன்விளிம்பைத் தாண்டிப் பறந்தன. அப்புறம் கையின் போக்கு மாறியது. முறத்தை லேசாகச் சாய்த்து மணிக்கட்டால் சின்னச் சின்னதாகத் தட்டினார். முழு அரிசி அடிப்பக்கம் தங்க, குருணை மெல்ல முன்னால் நகர்ந்து வந்தது. நிறுத்தினார், விரலால் ஒரு கல்லை எடுத்தார், மறுபடி தட்டினார். குருணையை எறியவில்லை, தனிக் கிண்ணத்தில் வழித்து வைத்தார். “கஞ்சிக்கு ஆகும்” என்றார். படங்களை நாம் பார்ப்பதும் இதே போக்கில்தான். கொஞ்சம் நகர்த்தி, நிறுத்தி, உற்றுப் பார்த்து, மறுபடி நகர்த்துகிறோம்.

புடைத்தல் ஏன் கூடாது என்று கேட்டிருந்தார்கள். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் நையப்புடைத்தல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கொழித்தல் எனக்கும் பிடித்த சொல், மலையாளத்திலும் ‘கொழிக்குக’ என்று அதே பொருளில் இருக்கிறது. ஆனால் இப்போது பணம் கொழிப்பதுதான் கண்முன் நிற்கிறது. தெள்ளுதலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தெள்ளிய, தெள்ளத்தெளிவாக என்று நாள்தோறும் புழங்குவதால், முறத்தையே பார்க்காத பிள்ளைகளுக்கும் பொருள் ஓரளவு எட்டும்.

ஆந்திரச் சித்தூர் நண்பர், தெலுங்கில் இந்த வேலையைச் ‘செருகு’ என்றும் முறத்தைச் ‘சேட்ட’ என்றும் சொல்வார்கள் என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கத்து வீட்டுச் சேச்சி மலையாளத்தில் ‘சேறுக’ என்கிறார். கேட்க ஒன்றுபோல் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. தமிழில் ‘செருகு’ என்றால் உள்ளே நுழைப்பது, ‘சேறு’ என்றால் வயல்சேறு. அதனால் நாம் எடுத்துக்கொள்ள முடியாது. இடையில் ஒன்று: அவரும் நானும் படங்களுக்கு ‘சித்தூர்’ என்று இடக்குறிச்சொல் போட்டுப் பகிர்ந்துகொண்டோம், இரண்டு ஊரும் ஒன்றாகக் கலந்துவிட்டது. இடப்பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்து எழுதும் வழக்கத்தை நாம் எல்லோரும் கைக்கொள்வது நல்லது.

நான் மாற்றிக்கொண்ட இரண்டு இடங்கள் இவை. படங்களை ஒழுங்குபடுத்த உதவும் டிஜிகேம் மென்பொருளில் படத்துக்கு மூன்று நிலை உண்டு: ஏற்றது, முடிவாகாதது, ஒதுக்கியது. அவற்றுக்கு மணி, நொய், பதர் என்று எழுதியிருந்தேன். நாகர்கோவில் அக்கா, “என் பாட்டியின் கலங்கிய படத்தின் மேல் பதர் என்று போட்டிருந்தால் எனக்கு வலிக்கும்” என்று எழுதினார்கள். பெரியப்பாவின் படம் போன பிறகும் எனக்கு அது தோன்றாமல் போனதே என்றுதான் வருந்தினேன். பதரைத் திரும்பப் பெறுகிறேன். நொய்யும் பொருந்தாது. நொய் என்று பிரித்து வைத்தால் முடிவு செய்தாயிற்று என்று பொருள், அந்த நடுநிலையோ இன்னும் முடிவு செய்யாதது. அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிற ‘நிலுவை’ போதும். ஆகவே பொத்தான்கள் ‘கொள்’, ‘நிலுவை’, ‘ஒதுக்கிவை’ என்று இருக்கட்டும். வெறும் ‘ஒதுக்கு’ என்றால் நிதி ஒதுக்கீடு போல் ஆகிவிடும். ‘நீக்கு’ என்பது உண்மையிலேயே அழிக்கும் இடத்தில் மட்டும் வர வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வினை ‘தெள்ளு’, பெயர் ‘தெள்ளுதல்’, இன்னும் பார்க்காத படங்கள் ‘தெள்ளாதவை’. மூன்றையும் வைத்து என் பழைய இரண்டு பக்கக் குறிப்பைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் இங்கே அனுப்புகிறேன். அதற்குள் ஒன்று கேட்டு எழுதுங்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் அரிசிக்கும் கேழ்வரகுக்கும் பருப்புக்கும் ஒரே வினையைத்தான் சொல்கிறார்களா, தானியத்துக்குத் தானியம் மாறுகிறதா? என் அம்மா உளுந்துக்கு மட்டும் ஏனோ ‘நாவுவது’ என்கிறார்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து