காகிதம் வைத்த ட்ரான்ஸ்ஃபார்மர் குப்பையா?

காயில்கடை:
நேற்று ஒரு வீடியோ பார்த்தேன். டை கட்டிய ஒருவர், "ஃபெரைட் கோரின் நடுக்காலைத் தேய்த்து கேப் கொடுக்காமல், காகிதம் வைத்து ஒட்டுகிற ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம் குப்பை. சின்னப் பட்டறைகள் கஸ்டம் பீஸ் செய்வதை நிறுத்த வேண்டும்" என்கிறார். கோர் என்பது எதிரெதிரே சேரும் இரண்டு E வடிவக் காந்தத் துண்டு; சேரும் இடத்தில் விடும் சின்ன இடைவெளிதான் கேப். கோவையில் 22 வருஷமாக எல்இடி ட்ரைவருக்கும் (விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட்) பம்ப் பேனலுக்கும் சுற்றிக் கொடுக்கிறேன். 200 பீஸ் கேட்டு வருபவனிடம் தேய்த்த கோர் வாங்கச் சொன்னால் அவன் எங்கே போவான்? கோர் கம்பெனி 200 பீஸுக்காகத் தேய்த்துத் தருமா? கடையில் கிடைக்கிற சாதா ஈஈ25 அளவு கோர், கம்பி சுற்றும் பாபின், நடுவில் 'காகிதம்' என்று சொல்கிற மைலார் பிளாஸ்டிக் தாள். முடிந்தது வேலை. இதில் எது குப்பை?

ஃபெரைட்பித்தன்:
அந்த வீடியோவை நானும் பார்த்தேன். அவர் சொன்னதில் பாதி சரி. காகிதம் கோரின் மூன்று கால்களின் முனைகளிலும் உட்காருகிறது. அதனால் வெளிக்கால்களிலும் கேப் விழுகிறது. காந்தப்புலம் வெளியே கசிந்து பக்கத்து ரேடியோவுக்கு இரைச்சல் போகும். நடுக்காலில் மட்டும் கேப் இருந்தால் அதை வைண்டிங்கே (சுற்றிய கம்பியே) மூடிக்கொள்ளும். இது பாலபாடம், அண்ணே.

காயில்கடை:
பாலபாடம் எனக்கும் தெரியும் தம்பி. இரைச்சல் வந்தால் கோரைச் சுற்றி ஒரு செப்புப் பட்டை போட்டு கிரவுண்டில் கொடுங்கள். நடுக்காலில் மொத்த கேப்பும் இருந்தால் அதை ஒட்டிய செப்புக்கம்பி சூடாகும், அதை ஏன் சொல்லவில்லை? காகிதம் வைத்தால் கேப் இரண்டாகப் பிரிகிறது, நடுவில் சூடு குறைகிறது. உங்கள் புத்தகத்தில் இந்தப் பக்கம் கிழிந்துவிட்டதோ?

புதுசு_99:
அண்ணா, ஒரு சந்தேகம். ஒரு 12 வாட் ட்ரைவருக்கு நானே சுற்றினேன். ஈஈ25, 80 சுற்று. கணக்கில் கேப் 0.4 மி.மீ. வந்தது. 0.4 மி.மீ. மைலார் வைத்தேன். விளக்கு மங்கலாக எரிந்து, விட்டு விட்டு அணைகிறது. காகிதம்தான் காரணமா?

ரிச்சிதெரு_பாய்:
கேப் அதிகமாப் போச்சு. கோர் சாச்சுரேட் ஆகுது, அதாவது காந்தம் நிரம்பிப் போகுது. அவ்வளவுதான்.

கணக்குப்புலி:
கேப் அதிகமானால் சாச்சுரேட் ஆகுமா! சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இயற்பியலும் எடைக்குத்தான் விற்கிறார்களா?

புதுசு, நீங்கள் வைத்தது 0.4 இல்லை, 0.8. ஃப்ளக்ஸ் (காந்தப்பாய்வு) நடுக்காலில் ஒரு முறை 0.4 தாண்டுகிறது, வெளிக்கால் வழியாகத் திரும்பும்போது இன்னொரு 0.4 தாண்டுகிறது. ஈஈ25 கோரின் நடுக்கால் பரப்பு சுமார் 52 ச.மி.மீ. 80 சுற்றும் 0.4 கேப்பும் என்றால் இண்டக்டன்ஸ் (காயில் ஆற்றலைச் சேர்க்கும் திறன்) சுமார் 1.05 மில்லிஹென்றி வந்திருக்கும். 0.8 ஆனதால் 0.52தான். ட்ரைவரில் உள்ள ஐசி 0.6 ஆம்பியரில் மின்னோட்டத்தை வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் சேரும் ஆற்றல் பாதி ஆகிவிட்டது. 65 கிலோஹெர்ட்ஸில் 12 வாட் வர வேண்டிய இடத்தில் 6 வாட்தான் வரும். 0.2 வையுங்கள், சரியாகிவிடும்.

ஃபெரைட்பித்தன்:
பார்த்தீர்களா? காகிதம் வைத்ததால் வந்த வினை. நான் சொன்னதை நீங்களே நிரூபிக்கிறீர்கள்.

காயில்கடை:
காகிதத்தின் மேல் பழி போடாதீர்கள். பாதித் தடிமன் வைக்க வேண்டும் என்பது என் பட்டறையில் வேலைக்கு வந்த மூன்றாம் நாள் பையனுக்கே தெரியும். கத்தியைத் தலைகீழாகப் பிடித்துக் கையை வெட்டிக்கொண்டால் கத்தி குப்பையா?

ஃபெரைட்பித்தன்:
அண்ணே, கடைசி மூச்சு வரை காகிதத்துக்காகத்தான் வாதாடுவீர்கள். 0.2 மி.மீ. தடிமனில் 0.02 பிழை வந்தால் இண்டக்டன்ஸ் 10 சதவீதம் போய்விடும். மேலே எபாக்ஸி தடவி ஒட்டுகிறீர்கள், அந்தப் பசையின் தடிமன் கணக்கில் எங்கே? இன்று ஒன்று, நாளை ஒன்று. இதைத்தான் நம்பகம் இல்லை என்கிறேன்.

பார்த்துக்கொண்டே_இருப்பவன்:
ஒரு கேள்வி. "நம்பகம்" என்று எல்லோரும் சொல்கிறீர்களே, அது என்ன? பீஸுக்குப் பீஸ் ஒரே இண்டக்டன்ஸா? பத்து வருஷம் உழைப்பதா? ஷாக் அடிக்காமல் இருப்பதா?

காயில்கடை:
பசையைக் கோரின் பக்கத்தில் மட்டும் தடவ வேண்டும், நடுவில் இல்லை. எங்கள் கடையில் ஒவ்வொரு பீஸும் இண்டக்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டரில் போய்விட்டுத்தான் வெளியே வரும். நீங்கள் தேய்த்த கோர் வாங்கினால் அளக்காமலேயே போர்டில் போடுவீர்களோ? அப்புறம், கேப் இல்லாத கோரின் ஏ.எல். மதிப்பு (சுற்றுக் கணக்கில் வரும் இண்டக்டன்ஸ்) கம்பெனி ஷீட்டிலேயே கூட்டிக் குறைத்து 25 சதவீதம் போட்டிருக்கும். அதையும் காகிதம்தான் செய்ததா?

கணக்குப்புலி:
இங்கே இரண்டு பேருமே பாதிதான் சொல்கிறீர்கள். கோரின் காந்தப்பாதை சுமார் 57 மி.மீ., பெர்மியபிலிட்டி (காற்றைவிட எத்தனை மடங்கு காந்தத்தைக் கடத்தும்) 2000 என்று கொண்டால் அது காற்றில் 0.03 மி.மீ.க்குச் சமம். கேப் 0.4 இருக்கும்போது அந்த 0.03 கால்வாசி ஆடினாலும் மொத்தத்தில் இரண்டு சதவீதம்கூடத் தேறாது. அதாவது கோர் ஆடுவதை கேப் அடக்கிவிடுகிறது. மீதி ஆட்டமெல்லாம் கேப்பின் அளவில்தான். இதைப் போன மாதமே கெபாசிட்டர் திரியில் எழுதினேன், யாரும் படிக்கவில்லை.

ஃபெரைட்பித்தன்:
கெபாசிட்டர் திரியில் நீங்கள் எழுதியது வேறு. "105 டிகிரி, 2000 மணி நேரம்" என்று போட்ட கெபாசிட்டர் 2000 மணி நேரத்தில் செத்துவிடும் என்றீர்கள். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்ற விதியையே மறந்துவிட்டு!

கணக்குப்புலி:
மறக்கவில்லை. 105 டிகிரியில் ஓடினால் என்று எழுதினேன். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது புரிந்திருக்கும்.

காயில்கடை:
கெபாசிட்டரை விடுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. 200 பீஸுக்குத் தேய்த்த கோர் எங்கே கிடைக்கும்?

ரிச்சிதெரு_பாய்:
சாச்சுரேட்னு சொன்னது தப்புதான்னு யாரும் மரியாதையாச் சொல்லலாம். எடைக்கு விக்கிறாங்கன்னு எதுக்கு? என் கடையில் உங்களை மாதிரி ஆளுங்கதான் வந்து ஒரு ஐசிக்கு ஐம்பது கேள்வி கேட்டுட்டு ஆன்லைன்ல வாங்கிட்டுப் போறீங்க.

கணக்குப்புலி:
உங்கள் கடையில் வாங்கிய ஐசியை மீட்டரில் பார்த்தபின்தான் ஆன்லைனுக்குப் போனேன் பாய்.

புதுசு_99:
0.2 மைலார் மாற்றினேன். இப்போது சரியாக எரிகிறது. நன்றி! ஆனால் பிரைமரிக்கும் (மின்சாரம் உள்ளே வரும் சுற்று) செகண்டரிக்கும் (வெளியே போகும் சுற்று) நடுவில் ஒரே ஒரு சுற்று டேப்தான் போட்டிருக்கிறேன். பரவாயில்லையா?

ஃபெரைட்பித்தன்:
ஐயோ தம்பி, அதை இப்போதே பிரியுங்கள்! மூன்று சுற்று பாலியெஸ்டர் டேப், அதோடு பாபின் ஓரத்தில் மார்ஜின் டேப். இல்லையென்றால் செகண்டரிக்கு மூன்றடுக்கு இன்சுலேஷன் கம்பி. அப்புறம் 3000 வோல்ட் ஏசி ஒரு நிமிஷம் கொடுத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்க்கும் ஹைபாட் சோதனை. இந்த ஒரு விஷயத்தில் சமரசமே கிடையாது. எல்இடி ட்ரைவருக்கு ஐஎஸ் 15885 என்ற இந்தியத் தரநிலைப்படி பதிவு கட்டாயம். விற்கப் போகிறீர்கள் என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) வாசலில் நின்றாக வேண்டும். இப்படித்தான் காகிதம் வைப்பவர்களிடம் பழகினால்…

காயில்கடை:
டேப்புக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சுற்று டேப் போட்டது அந்தப் பையன். பழி எனக்கா? என் கடையில் மூன்று சுற்று டேப், வார்னிஷ், ஹைபாட். மூன்றும் இல்லாமல் ஒரு பீஸ் படி இறங்காது.

ஃபெரைட்பித்தன்:
வார்னிஷ் வாக்குவமிலா, வாளியில் முக்கி எடுப்பதா?

காயில்கடை:
வாளி என்றால் உங்களுக்கு என்ன கேவலம்? முன்சூடு காட்டி முக்கி, அடுப்பில் சுட்டு எடுக்கிறோம். வாக்குவம் டேங்க் வாங்க உங்கள் கம்பெனி ஆர்டர் கொடுத்தால் நாளைக்கே வாங்குகிறேன். போன தீபாவளிக்கு கொட்டேஷன் கேட்டு 40 பீஸ் சாம்பிளும் இலவசமாக வாங்கிக்கொண்டு போன டிசைன் இன்ஜினியர் ஒருவர் இங்கேதான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

ஃபெரைட்பித்தன்:
அது நான் இல்லை. என்னிடம் வந்தது 12 சாம்பிள். அதில் மூன்றுக்கு இண்டக்டன்ஸ் குறைவு. காரணம் சொல்லட்டுமா? காகிதம்.

காயில்கடை:
12 என்று நீங்களாகவே ஒத்துக்கொண்டீர்கள், சந்தோஷம். அந்த மூன்றைத் திருப்பி அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் பார்த்திருப்பேன். உங்கள் ஆட்கள் கோரைக் கிளிப் கழற்றிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருப்பார்கள்.

பார்த்துக்கொண்டே_இருப்பவன்:
என் கேள்வி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ரிச்சிதெரு_பாய்:
தேய்ச்ச கோர் என்கிட்ட 150 பீஸ் கிடக்கு. ஈஈ25. யாரோ ஆர்டர் போட்டு எடுக்காமப் போனது. எவ்வளவு கேப்னு தெரியாது.

காயில்கடை:
எவ்வளவு கேப் என்று தெரியாத கோரா? அதுதான் பித்தன் தேடும் நம்பகம். அவருக்கே அனுப்புங்கள் பாய்.

ஃபெரைட்பித்தன்:
பத்து சுற்று சுற்றி எல்சிஆரில் அளந்தால் கேப் தெரிந்துவிடும். காகிதமே தேவையில்லை. பாய், விலை என்ன?

ரிச்சிதெரு_பாய்:
முதல்ல அந்தக் கணக்குக்காரர் மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் விலை சொல்றேன்.