காகிதத்தில் எம்டன் (1:250): கட்டியவர்களின் கைக்குறிப்புகள்

தெம்பனிஸ்

சிங்கப்பூரில் காகிதக் கப்பல் கட்டுகிற நாம் அவரவர் பேட்டையின் பெயரில் எழுதும் இந்த உரையாடல் இழை எம்டனுக்கு மட்டும். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்லை நமக்குத் தந்துவிட்டுப்போன ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது, அக்டோபர் 28 விடியலில் பினாங்குக்குள் நுழைந்தது. பிடிபட்ட அதன் ஆட்களில் சிலர் 1915 பிப்ரவரிச் சிப்பாய்க் கலகத்தின்போது இங்கே தங்ளின் முகாமில் அடைபட்டிருந்தார்கள்.

நிஜக் கப்பல் 118.3 மீட்டர் நீளம், 13.5 மீட்டர் அகலம். 1:250இல் 47.3 செமீ, 5.4 செமீ. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அலமாரித் தட்டில் கண்ணாடிப் பெட்டியோடு அடங்கிவிடும். 1:200 என்றால் 59 செமீ, பெட்டியோடு சேர்த்தால் இடம் இடிக்கும்.

வெட்டி ஒட்டும் தாள்களாக வரும் ஜெர்மன் பதிப்பகங்களின் 1:250 கப்பல்கள் பெரும்பாலும் நீர்மட்டத்தோடு நிற்பவை. போலந்துத் தாள்கள் 1:200இல், பெரும்பாலும் நீருக்கடியிலுள்ள அடிவயிற்றோடு வரும். 1:200 கணினிக் கோப்பை 80 சதவீதமாகச் சுருக்கி அச்சிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படம் சுருங்கும், அட்டையின் தடிமன் சுருங்காது. 1 மிமீ அட்டைக்காக வரைந்த பள்ளம் 0.8 மிமீ ஆகிவிடும். அதில் 1 மிமீ அட்டையைத் திணித்தால் ஒவ்வொரு சட்டமும் (உடலின் குறுக்கே விலாபோல் நிற்கும் அட்டை) பள்ளத்தை நெம்பித் திறக்கும், பன்னிரண்டு சட்டம் தாண்டுவதற்குள் ஏரா (கப்பலின் முதுகெலும்பாக நீளவாக்கில் ஓடும் அடிக்கட்டை) வில்லாக வளைந்துவிடும். 0.8 மிமீ அட்டை தேடுங்கள், கிடைக்காவிட்டால் பள்ளத்தை அகலப்படுத்துங்கள். பிராஸ் பசா வளாகத்தில் ஆர்ட் ஃபிரெண்டில் அட்டையைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். கையோடு ஒரு வெர்னியர் அளவுகோல் கொண்டுபோனால் நல்லது.

அச்சிடும்போது "தாளுக்குப் பொருத்து" என்ற தேர்வை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். அந்தத் தேர்வு சொல்லாமல் கொள்ளாமல் சில சதவீதம் சுருக்கிவிடும். எல்லாப் பக்கத்தையும் ஒரே அச்சுப்பொறியில், ஒரே கட்டுத் தாளில், ஒரே திசையில் செலுத்துங்கள். உடல் தோலுக்கு 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை), மேற்கட்டுமானத்துக்கு 120, சுருட்டும் பாகங்களுக்கு 80.

சட்டம், ஏரா என்றே எழுதுகிறேன். நம் தோணித் தச்சர்கள் ஏரா, வங்கு (விலாச்சட்டம்), அணியம் (முன்முனை) என்று அழகாகச் சொல் வைத்திருக்கும்போது வேறு எதற்கு?

ஈசூன்

தாள் வாங்கிய அன்றே அதன் இழை ஓட்டத்தை, அதாவது நார்கள் ஓடும் திசையைப் பாருங்கள். ஓரத்திலிருந்து சின்னத் துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரவிரலால் தடவினால் அது சுருளும். சுருளின் அச்சு எந்தத் திசையோ அதுதான் இழையின் திசை. தாள் ஈரத்தில் இழைக்குக் குறுக்காகத்தான் வீங்கும், இழையின் வாக்கில் நீளம் மாறுவது மிகக் குறைவு. அதனால் மேல்தளமும் பக்கத் தோலும் இழை ஓட்டம் கப்பல் நீளத்தோடு போகும்படி அச்சாக வேண்டும். புகைபோக்கி, பீரங்கிக் குழாய் போன்ற உருளைகளில் இழை அச்சின் வாக்கில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சுருட்டும்போது முறிந்து பட்டை பட்டையாகத் தெரியும்.

இந்த ஊரில் காகிதக் கப்பலின் தலைவிதியை எழுதுவது ஈரப்பதம். விடியற்காலையில் 90 சதவீதத்துக்கு மேல், வெயில் காயும் பிற்பகலில் 60 பக்கம். ஏர்கான் ஓடும் அறையில் கட்டி முடித்து அப்படியே கூடத்துக்குக் கொண்டுவந்தால், இரண்டு சட்டங்களுக்கு இடையில் தோல் அலையாக எழும்பும். எதிர்மாறாக, மழை நாளில் ஒட்டி ஏர்கான் அறையில் வைத்தால் தோல் இறுகி உள்வாங்கி, பட்டினி கிடந்த மாட்டுக்கு விலா தெரிவதுபோல் ஒவ்வொரு சட்டமும் வெளியே தெரியும். இரண்டுக்கும் காரணம் ஒன்று: ஒட்டிய நேரத்து ஈரமும் நிரந்தரமாக நிற்கப்போகும் இடத்து ஈரமும் வேறு வேறு. கப்பல் எந்த அறையில் நிற்குமோ அந்த அறையில் தாளை ஒரு நாள் முழுக்க விரித்துப் போட்டுவிட்டு, பிறகு வெட்டுங்கள். கேமராவுக்கான உலர் பெட்டி இருந்தால் வேலை நடக்காத நேரத்தில் பாகங்களை 50 சதவீதத்தில் வையுங்கள். 40க்குக் கீழே கொண்டுபோனால் தாள் மொடமொடத்து மடிப்பில் வெடிக்கும்.

சட்டத் தாளை அட்டையில் ஒட்ட வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள தண்ணீர் ஒரு பக்கத்தை மட்டும் நனைப்பதால் அட்டை கிண்ணம்போல் குழியும். கரைப்பான் கலந்த பசையோ தெளிப்புப் பசையோ போதும். அத்தோடு நிறுத்தாமல் அட்டையின் முதுகிலும் அதே ஜிஎஸ்எம் வெறுந்தாள் ஒன்றை ஒட்டுங்கள், இரு பக்க இழுப்பும் சமமாகிவிடும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே 24 மணி நேரம் கனம் ஏற்றி வைத்த பிறகே வெட்ட வேண்டும்.

ஜூரோங்

மேலே சொன்னதோடு: 5 மிமீ கண்ணாடிப் பலகை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிங் மேட் பார்வைக்குத் தட்டையாக இருக்கும், 47 செமீ நீளத்தில் 1 மிமீ தூக்கிக் கொடுத்துவிடும். அடித்தட்டைக் கண்ணாடியில் ஒட்டும் நாடாவால் பிடித்து, ஏராவை நிறுத்தி, நடுச்சட்டத்திலிருந்து இரு முனைக்கும் மாறி மாறிப் போங்கள். ஒரே முனையிலிருந்து ஓட்டினால் பிழையெல்லாம் மறுமுனையில் போய்ச் சேரும்.

சட்டங்கள் நின்றதும் மேல்தளத்தை ஒட்டாமல் வைத்துப் பாருங்கள். சட்டம் தளத்துக்கு வெளியே துருத்தினால் சட்டத்தைத்தான் தேய்க்க வேண்டும். தளத்தின் விளிம்பு கப்பலின் உண்மையான கோடு, அதில் கை வைக்கக் கூடாது. 240 எண் உப்புத்தாளை நீளமான மரச்சட்டத்தில் ஒட்டி, மூன்று நான்கு சட்டங்களைச் சேர்த்துத் தொடுகிற மாதிரி இழுங்கள். ஒவ்வொன்றாகத் தேய்த்தால் மேடு பள்ளம் மிஞ்சும்.

விலா தெரியாமலிருக்க, அச்சான தோலுக்கு அடியில் வெறுந்தாளில் ஓர் உள்தோல் போடுவது நல்ல வழி. ஆனால் கணக்கு மாறும். 160 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.2 மிமீ. பின்பக்க வளைவில் தோல் 180 பாகை திரும்புகிறது என்றால் 0.2 மிமீ உள்தோலுக்காக வெளித்தோல் 0.63 மிமீ கூடுதலாகச் சுற்ற வேண்டும். அச்சான தோலில் அந்த நீளம் இல்லை. "பின்னால் இணைப்பு அரை மில்லி பிளக்கிறது" என்று வரும் சிக்கல் பெரும்பாலும் இதுதான். உள்தோல் போடும் முன் சட்டங்களின் விளிம்பில் அதே 0.2 மிமீ தேய்த்து எடுத்துவிட்டால் பிளவு வராது.

தோலை ஒட்டும் வரிசை: அணியத்தில் இரு பக்கத்தையும் முதலில் சேர்த்துக் காயவிடுங்கள். பிறகு இடது பக்கம் இரண்டு சட்டம், வலது பக்கம் இரண்டு சட்டம். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் உடல் முறுக்கிக்கொள்ளும். கண்ணாடியிலிருந்து எடுத்த பிறகு அதை நேராக்க எந்த வழியும் கிடையாது.

தோ பாயோ

அண்ணே, லேசர் வெட்டுச் சட்டங்கள் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீருமா? தாளைச் சுருக்கி அச்சிட உத்தேசம்.

ஜூரோங்

சுருக்கினால் பொருந்தாது தம்பி. லேசர் சட்டம் தாளின் மூல அளவுக்கென்றே வெட்டியது. மூல அளவில் கட்டினால் வாங்கலாம். ஆனால் வெட்டு விளிம்பில் கரி இருக்கும், அதை லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். கரிமேல் பசை பிடிப்பது குறைவு, விரலில் ஒட்டி வெள்ளைத் தோலையும் கறையாக்கும்.

செங்காங்

உடல் நேராக நின்றுவிட்டால் மற்றதெல்லாம் பொறுமைதான். பீரங்கி பற்றிச் சொல்கிறேன், எம்டனில் கண் முதலில் போவது அங்கே. 10.5 செமீ பீரங்கிகள் பத்து: முன்னால் அருகருகே இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று, பின்னால் இரண்டு. குழாயின் நீளம் வாய் விட்டத்தைப்போல் 40 மடங்கு, அதாவது 4.2 மீட்டர். 1:250இல் 16.8 மிமீ. தாளில் வரும் குழாய்ப் பாகத்தை அப்படியே சுருட்டினால் பென்சில்போல் தடித்துவிடும். 80 ஜிஎஸ்எம் தாளில் நீண்ட முக்கோணத் துண்டு வெட்டி, 0.4 மிமீ கம்பியில் அகன்ற பக்கத்திலிருந்து சுருட்டுங்கள். சுருள் முனைக்குப் போகப் போக மெலியும். கடைசிச் சுற்றில் மட்டும் பசை. கம்பியை உடனே உருவிவிட வேண்டும், காய்ந்தால் வராது. பதினைந்து செய்து ஒத்துப்போகிற பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடிக் கம்பி வேலி நிஜத்தில் சுமார் 1 மீட்டர், நமக்கு 4 மிமீ. நூலில் செய்யலாம்: அட்டையில் 1.3 மிமீ இடைவெளியில் மூன்று கோடு, 7 மிமீக்கு ஒரு குறுக்குக் கோடு. கோட்டின் இரு முனையிலும் இரட்டைப் பக்க ஒட்டு நாடா. 0.1 மிமீ பாலியெஸ்டர் நூலை இழுத்துப் பதித்து, குறுக்கு நூலை மேலே வைத்து, சந்திப்புகளில் ஊசிமுனையால் சூப்பர் குளூ. பருத்தி நூல் வேண்டாம். பிசிறு தட்டும், ஈரத்துக்கு ஏற்ப நீளமும் மாறும்.

சூப்பர் குளூவை இங்கே அளந்துதான் விட வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது சீக்கிரம் இறுகும், சுற்றிலும் வெள்ளைப் பொடி படரும். சாம்பல் நிறக் கப்பலில் அந்தப் படலம் பூஞ்சை பிடித்ததுபோல் தெரியும். துளியைச் சிறிதாக்கி, சின்ன மின்விசிறியால் ஆவியை வெளியே தள்ளினால் குறையும்.

பாய்மரம் தாளில் வேண்டாம். கயிறு கட்டியதும் வளையும். சாத்தே (இறைச்சி கோத்து வாட்டும்) குச்சியை எடுத்து மேல்நோக்கி மெலியத் தேய்த்தால் போதும், மூங்கில் அசையாது. கயிறுகளை இரு பக்கமும் மாறி மாறிக் கட்டுங்கள்.

பிடோக்

நிறம் பற்றி யாரும் தொடவில்லை. எந்தத் தேதி எம்டன் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அமைதிக் காலத்தில் வெள்ளை உடல், அதனால்தான் கிழக்கின் அன்னம் என்று பெயர். போர்க்காலத்தில் சாம்பல். வெள்ளை எம்டனைக் கட்டி அடியில் "சென்னை, 1914" என்று பலகை வைத்தால் தவறு. பினாங்கு எம்டன் வேண்டுமென்றால் மூன்று புகைபோக்கியோடு நான்காவதாகப் போலிப் புகைபோக்கியும் தேவை. பிரிட்டிஷ் கப்பல் யார்மத்துக்கு நான்கு என்பதால் போட்ட வேடம் அது. நிஜத்தில் கித்தான் துணி. அதனால் அதைப் பளபள உருளையாகச் செய்யாமல், 80 ஜிஎஸ்எம் தாளை லேசாகக் கசக்கி விரித்து, சட்டத்தின்மேல் போர்த்தியதுபோல் தொய்வு தெரியச் செய்யுங்கள். உண்மைப் புகைபோக்கிகளின் பக்கத்தில் அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

உண்மையான மூன்றும் ஒரே கோட்டில், ஒரே சாய்வில் நிற்கிறதா என்று முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்த பிறகே பசை. அட்டையில் சாய்வுக் கோணத்தை வெட்டி ஒரு தாங்கி செய்துகொண்டால் மூன்றுக்கும் அதுவே அளவு. உள்பக்கம் கறுப்பு பூசுவதைச் சுருட்டும் முன் செய்யுங்கள்.

வெட்டிய ஒவ்வொரு விளிம்பும் வெள்ளையாகப் பல் இளிக்கும். அதற்கு நிறம் பூசுவதுதான் மலிவான, பலன் மிக்க மேம்பாடு. மார்க்கர் பேனா தாளுக்குள் ஊறி மேற்பரப்பில் கோடு போட்டுவிடும். தண்ணீர் அதிகம் சேர்க்காத அக்ரிலிக், கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகை. நிறத்தை அச்சிட்ட தாளின் ஓரத்தில் தடவி, காய்ந்த பிறகு ஒப்பிடுங்கள். ஈரத்தில் சரியாகத் தெரிந்த சாம்பல் காய்ந்தால் ஒரு படி மாறியிருக்கும்.

உட்லண்ட்ஸ்

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. மேற்பூச்சுத் தெளிப்பானைக் காலையிலோ மழைக்கு முன்னோ அடித்தால் பூச்சு வெளுத்துப்போகும். ஈரம் குறைந்த பிற்பகலில், மெல்லிய மூன்று தடவை. பொதுத் தாழ்வாரத்தில் அடிக்காதீர்கள், அண்டை வீட்டுக்கு நெடி போகும். இங்க்ஜெட் அச்சென்றால் வெட்டும் முன்பே ஒரு தடவை அடித்துவிடுங்கள், வெள்ளைப் பசையின் ஈரத்தில் மை கரையாது.

மாவுப் பசை பயன்படுத்தினால் வெள்ளிப்பூச்சி தேடி வரும். அக்ரிலிக் பெட்டியின் அடித்தட்டுக்குக் கீழே சிலிக்கா ஜெல் வையுங்கள். அலமாரிக்குப் போடும் ஈரம் உறிஞ்சும் டப்பாவைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதில் கால்சியம் குளோரைடு, உறிஞ்சிய நீர் அடியில் தேங்கும், ஒருமுறை சாய்ந்தால் உடல் போச்சு.

தோ பாயோ

எல்லாருக்கும் நன்றி. அடுத்ததாக ரஜூலா கட்ட ஆசை. நம் தாத்தா பாட்டிகள் ஏறி வந்த கப்பல். அட்டைத்தாள் இல்லாமல் வரைபடத்திலிருந்து தொடங்கினால் எதில் சிக்கும்?

தெம்பனிஸ்

நல்ல ஆசை தம்பி. 1926இல் கிளாஸ்கோவில் கட்டியது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970கள் வரை ஓடியது. உடல் எம்டனைவிட எளிது, சரக்குப் பயணக் கப்பல்களுக்கு நடுப்பகுதி நீளத்துக்கு ஒரே குறுக்குவெட்டுதான். அங்கே ஒரே அச்சில் சட்டங்களை வெட்டலாம்.

சிக்குவது சன்னல்களிலும் உயிர்காப்புப் படகுகளிலும். 30 செமீ வட்டச் சன்னல் 1:250இல் 1.2 மிமீ. அத்தனையையும் குத்தித் துளையிட்டால் தோல் தளர்ந்துவிடும், அதனால் வரைந்தே அச்சிடுங்கள். படகு ஒன்று 8 மீட்டர் என்றால் 32 மிமீ. ஒரு படகுக்குத் தோல் வடிவம் சரியாக வரும்வரை வெறுந்தாளில் நான்கைந்து முறை வெட்டிப் பாருங்கள், அது அமைந்த பிறகு மொத்தமாக அச்சிடலாம். கித்தான் மூடியோடு செய்தால் உள்ளே இருக்கைகள் வேண்டியதில்லை.

கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் அடையாளம். பட்டையைத் தனியே வெட்டி ஒட்டினால் தடிமன் தெரியும். அச்சிலேயே போடுங்கள், சுருட்டிய பிறகு இணைப்பில் இரு பட்டையும் நேருக்கு நேர் சேர்கிறதா என்று பார்த்து, அந்த இணைப்பைக் கப்பலின் பின்பக்கம் பார்க்க வையுங்கள்.